எட்டாம் வகுப்பு மாணவி 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படிக்கலாமா?

அமெரிக்காவில் வாழும் ஒரு தமிழ்த் தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளுக்கு ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. விருப்பமில்லாதவர்கள் வேறு நூலைத் தேர்ந்துகொள்ளலாம் என்று பள்ளி ஓர் ஒப்புதல் படிவமும் அனுப்பியிருக்கிறது. பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டும் இழிசொற்களும் வருகிற ஒரு நூல் 13 வயதுப் பெண்ணுக்குத் தேவைதானா, இது வெள்ளையர் ஒருவரின் பெருமையைப் பேசும் நூல் என்று கறுப்பினப் பெற்றோர் சிலர் சொல்வதில் உண்மை உண்டா, நாவலைப் படித்திராத தாம் மகளுக்கு எவ்வாறு துணைநிற்பது என்று அவர் கேட்கிறார்.

சகோதரி, படிவத்தில் கையெழுத்திடுங்கள், மகள் படிக்கட்டும் என்பதே என் விடை. ஆயினும் அந்தக் கறுப்பினப் பெற்றோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைத் தெரிந்துகொண்டு படிப்பவர்களுக்கே இந்த நாவல் பயன் தரும் என்றும் நான் நம்புகிறேன். அமெரிக்க நடுநிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ஆண்டுகளில் இதைப் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தொடக்க ஆண்டுகளில், ஆட்டிகஸ் ஃபின்ச் என்ற நல்ல வழக்கறிஞரின் கதையாக மட்டுமே அதை நடத்தினேன். மாணவர்களும் அவருடைய துணிவைப் பற்றி அழகான கட்டுரைகள் எழுதினார்கள். வகுப்பிலிருந்த கறுப்பின மாணவர்கள் மட்டும் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனத்தை நான் ஈடுபாடு என்று எண்ணிக்கொண்டேன். அது ஈடுபாடு அன்று என்பதை ஒரு மாணவன் பள்ளி ஆண்டின் இறுதியில் என்னிடம் சொன்னான். நாவல் முழுவதிலும் தன்னைப் போன்ற ஒருவர் காப்பாற்றப்படுவதற்காகவும் சாவதற்காகவும் மட்டுமே வருகிறார் என்பது அவன் சொன்னதன் சாரம். அதற்குப் பிறகு நான் இந்த நாவலை டாம் ராபின்சனிடமிருந்து நடத்தத் தொடங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்ற கற்பனை ஊர். காலம் 1933 முதல் 1935 வரை. கதை சொல்பவள் ஸ்கவுட் என்ற வெள்ளையினச் சிறுமி. தொடக்கத்தில் அவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. அவளுக்கு நான்கு வயது மூத்த அண்ணன் ஜெம், கோடை விடுமுறைக்கு வரும் நண்பன் டில், தாயில்லாத வீட்டை நடத்தும் கறுப்பினப் பெண் கல்பூர்னியா, தந்தை ஆட்டிகஸ். அண்டை வீட்டிலிருந்து பல ஆண்டுகளாக வெளியே வராத பூ ராட்லி என்ற மனிதரைப் பற்றிய குழந்தைகளின் அச்சமும் ஆவலும் முற்பகுதியை நிரப்புகின்றன. பிற்பகுதியில், மேயெல்லா யூவல் என்ற வெள்ளையின ஏழைப் பெண்ணை வன்கொடுமை செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது வழக்கு வருகிறது. நீதிமன்றம் ஆட்டிகஸை அவருக்கு வழக்கறிஞராக நியமிக்கிறது. அவர் குற்றமற்றவர் என்பது கண்முன்னே தெளிவான பின்பும், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி அவரைக் குற்றவாளி என்கிறது. சிறையிலிருந்து தப்ப முயன்றபோது காவலர்கள் அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள்.

இந்த நாவல் 1960 ஜூலையில் வெளிவந்து, 1961-இல் புலிட்சர் பரிசு பெற்றது. கதை நடக்கும் காலத்துக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே கால் நூற்றாண்டு இருக்கிறது. இரண்டு காலங்களையும் மகளுக்குச் சொல்லுங்கள். பாடக்குறிப்புகள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன.

முதற்காலத்தின் பெரிய வழக்கு ஸ்காட்ஸ்பரோ வழக்கு. 1931 மார்ச்சில் அலபாமாவில் ஒரு சரக்கு ரயிலில் சென்ற ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது, அதே ரயிலில் வந்த இரண்டு வெள்ளையினப் பெண்கள் வன்கொடுமைக் குற்றம் சாட்டினார்கள். அந்த ஒன்பது பேரில் சிலர் உங்கள் மகளின் வயதினர். கைதாகி ஏறத்தாழ இரண்டு வாரங்களில் விசாரணை முடிந்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பெண்களில் ஒருவர் 1933-இல் தாம் சொன்னது பொய் என்று நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். அதற்குப் பின்பும் ஜூரி குற்றவாளி என்றே தீர்ப்புச் சொன்னது. மருத்துவச் சான்று குற்றச்சாட்டை ஆதரிக்கவில்லை என்று கூறி அந்தத் தீர்ப்பை நீக்கிய நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், அடுத்த தேர்தலில் பதவியை இழந்தார். இந்த வழக்கிலிருந்து பிறந்த இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அமெரிக்கச் சட்டத்தையே மாற்றின: மரண தண்டனை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பயனுள்ள வழக்கறிஞர் உதவி வேண்டும் என்று 1932-இலும், கறுப்பின மக்களை ஜூரியிலிருந்து திட்டமிட்டு விலக்கக் கூடாது என்று 1935-இலும் நீதிமன்றம் கூறியது. ஒன்பது பேரில் கடைசி மூவருக்கு அலபாமா அரசு மன்னிப்பு வழங்கியது 2013-இல்; அப்போது அவர்களில் யாரும் உயிருடன் இல்லை.

லீ நாவலை எழுதிய காலத்துக்கு வருவோம். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு 1954-இல் வந்தது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன், ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று சொல்லிக் கடத்திக் கொல்லப்பட்டான். கொன்றவர்களை விடுவிக்க ஜூரி 67 நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. மறுபடி விசாரிக்க முடியாது என்ற துணிவில், அவர்கள் சில மாதங்களில் ஒரு பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கோமரியில், பேருந்துகளில் இருந்த நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. ஆகவே 1960-இல் இந்த நாவலை வாங்கிப் படித்தவர்களுக்கு அது பழங்கதையாகத் தோன்றியிருக்க வாய்ப்பே இல்லை.

இனி, எதிர்ப்புகள். இந்த நாவலை இரு வேறு திசைகளிலிருந்து வந்தவர்கள் எதிர்த்திருக்கிறார்கள்; அவர்களை ஒன்றாகக் கட்டிப் 'புத்தகத் தடை' என்று பேசுவது நியாயமாகாது. 1966-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஹனோவர் கவுண்டியில் பள்ளிக் குழு இதை ஒழுக்கக்கேடான நூல் என்று விலக்க முடிவு செய்தது; வெள்ளையினப் பெண்ணான மேயெல்லாவே டாமை விரும்பி முத்தமிட்டாள் என்று நாவலில் வரும் செய்தியே அன்றைக்குப் பலருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. லீயே ரிச்மண்ட் நாளிதழுக்குக் கடிதம் எழுதி அதைக் கண்டித்தார். அண்மைக்கால எதிர்ப்பு வேறு வகை. 2017-இல் மிசிசிப்பியின் பிலாக்சியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இது இடையில் நிறுத்தப்பட்டு, கடும் விவாதத்துக்குப் பிறகு பெற்றோர் ஒப்புதலுடன் மீண்டும் வந்தது. நூலின் மொழி சிலரை வருத்துகிறது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். 2022 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோ பள்ளி மாவட்டம், ஒன்பதாம் வகுப்பின் கட்டாய நூல் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. நீக்கக் கோரியவர்கள் ஆசிரியர்கள். நூலைத் தடை செய்யும்படி அவர்கள் கேட்கவில்லை. விரும்பும் ஆசிரியர் நடத்தலாம், எல்லா மாணவர்மீதும் சுமத்த வேண்டாம் என்றே கேட்டார்கள். கறுப்பின மாந்தர்கள் முழுமையாக உருவாகாத ஒரு நூலை இனவெறி பற்றிய ஒரே பாடமாக வைத்திருக்கலாமா என்ற அவர்களுடைய கேள்வியை நான் மதிக்கிறேன். 'ஒரே பாடமாக' என்பதில்தான் என் உடன்பாடு இருக்கிறது. நூலை விலக்குவதில் இல்லை.

நூலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும், 'N' எழுத்தில் தொடங்கும் அந்த ஆங்கிலச் சொல் நாற்பது முறைக்கு மேல் வருகிறது. அதை வகுப்பில் யாரும், ஆசிரியர் உட்பட, உரக்கப் படிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கண்ணால் படிக்கும்போது அச்சொல் மேகோம்ப் மக்களின் வாயில் இருக்கிறது. உரக்கப் படிக்கும்போது பக்கத்து இருக்கை மாணவரின் வாய்க்கு வந்துவிடுகிறது. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பின மாணவர் இருந்தால், அச்சொல் வரும் ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து தலைகள் அவர் பக்கம் திரும்பும். இதை நான் பார்த்திருக்கிறேன், பார்த்தபின் நிறுத்தினேன். உங்கள் பள்ளி இதில் என்ன வழக்கம் வைத்திருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. வீட்டிலும் ஒரு கவனம் வேண்டும். நம் தலைமுறை தமிழில் 'நீக்ரோ' என்று எழுதியும் படித்தும் வளர்ந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே அது நம் வாயில் வந்துவிடும். மகள் முன்னால் அதை விட்டுவிடுங்கள்.

இதே போல, வழக்கை வகுப்பில் நாடகமாக நடிக்கும் பழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. டாம் ராபின்சனாக யார் நிற்பது என்ற கேள்வி எழும்போதே அந்த வகுப்பு யாரோ ஒரு குழந்தையைக் காயப்படுத்திவிடுகிறது.

எட்டாம் வகுப்பு இந்த நூலுக்குப் பொருத்தமான வயதா என்ற கேள்விக்கு என் அனுபவம் தரும் விடை, பொருத்தம் என்பதே. 13 வயதில் குழந்தைகள் நியாயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள். சான்றுகளை வரிசைப்படுத்தித் தாமே முடிவுக்கு வருவதில் அவர்களுக்குத் தனி ஆர்வம் உண்டு. பதினேழாவது அத்தியாயத்தில் தொடங்கும் விசாரணை அதற்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கிறது. ஷெரீப் ஹெக் டேட் முதலில் சாட்சி சொல்கிறார்: மேயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம் அடி, கழுத்தைச் சுற்றிலும் விரல் தடங்கள். மருத்துவரை யாரும் அழைக்கவில்லை. அடுத்து அவளுடைய தந்தை பாப் யூவல். ஆட்டிகஸ் அவரை ஓர் உறையின்மேல் பெயர் எழுதச் சொல்கிறார், அவர் இடக்கையால் எழுதுகிறார். பிறகு டாம் எழுந்து நிற்கிறார். சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிய அவருடைய இடக்கை சூம்பித் தொங்குகிறது. விவிலியத்தின்மேல் வைத்து உறுதிமொழி எடுக்கக்கூட அந்தக் கை நிற்கவில்லை. எதிரெதிரே நிற்கும் ஒரு பெண்ணின் வலக்கன்னத்தில் எந்தக் கையால் அடிக்க முடியும் என்பதை மாணவர்கள் தம் கைகளை உயர்த்திப் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கணத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சான்று அனைத்தும் ஒரே திசையைக் காட்டியபின் தீர்ப்பு மறுதிசையில் வரும்போது, 'சட்டம் இருந்தும் ஏன்?' என்ற கேள்வியை நாம் எழுப்பித் தர வேண்டியதில்லை. மகளிடமிருந்து அந்தக் கேள்வி வரும் நாளில், ஜூரியில் உட்கார யாருக்கு உரிமை இருந்தது என்று தேடச் சொல்லுங்கள். அலபாமாவில் பெண்கள் ஜூரியில் அமர உரிமை பெற்றது 1966-இல்தான் என்பதை அவளே கண்டுபிடிப்பாள்.

விசாரணையில் இன்னொரு இழை உண்டு. ஆங்கிலத்தில் மட்டுமே வாழும் மாணவர்கள் அதைத் தவறவிடுவதையும், நம் வீட்டுக் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பதே அது. டாமுக்கு 25 வயது. மணமானவர், மூன்று குழந்தைகளின் தந்தை. குறுக்கு விசாரணை செய்யும் அரசு வழக்கறிஞர் கில்மர் அவரை அடிக்கடி 'பையா' என்று விளிக்கிறார். டாம் அவரை 'ஐயா' என்கிறார், 19 வயது மேயெல்லாவை 'மிஸ் மேயெல்லா' என்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவன் டில் அடக்க முடியாமல் அழத் தொடங்குகிறான். ஸ்கவுட் அவனை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. வழக்கறிஞர்கள் சாட்சிகளிடம் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவள் சமாதானம் சொல்கிறாள். அவளுக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பேச்சு. தமிழ் வாசகருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. நிலவுடைமையாளர் வீட்டுச் சிறுவன் தன் தாத்தா வயதுள்ள பண்ணையாளைப் பெயர் சொல்லி 'வாடா' என்று அழைத்ததும், அந்த முதியவர் அச்சிறுவனைச் 'சின்ன ஐயா' என்று அழைத்ததும் நம் ஊர்களில் வெகுகாலத்துக்கு முந்தைய செய்தி அன்று. கல்பூர்னியா தான் வளர்த்த ஜெம்மை, அவன் பன்னிரண்டு வயதை எட்டியதும் 'மிஸ்டர் ஜெம்' என்று அழைக்கத் தொடங்குகிறார். அந்த ஒரு விளியில் அந்த வீட்டின் அன்பும் அந்த ஊரின் சட்டமும் சேர்ந்தே இருக்கின்றன.

இதற்கு எதிர்முனையில் மேயெல்லா இருக்கிறாள். ஆட்டிகஸ் அவளை மரியாதையாக 'மிஸ் மேயெல்லா' என்று அழைக்க, அவர் தன்னைக் கேலி செய்கிறார் என்று அவள் நீதிபதியிடம் முறையிடுகிறாள். அவளை வாழ்நாளில் யாரும் அப்படி அழைத்ததில்லை. குப்பைமேட்டுக்கு அருகே தந்தையின் அடிக்கும் குடிக்கும் நடுவில் வளர்ந்து, உடைந்த பாத்திரங்களில் செம்மலர்ச் செடிகளை வளர்க்கும் அவளுக்கு, ஊரிலேயே உதவி செய்த ஒரே மனிதர் டாம். 'ஏன் கூலியில்லாமல் வேலை செய்தாய்?' என்று கில்மர் மடக்கும்போது, அவள்மேல் இரக்கப்பட்டேன் என்று டாம் சொல்லிவிடுகிறார். அந்தச் சொல்லோடு வழக்கு முடிந்துவிடுகிறது. கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையினப் பெண்மேல் இரக்கப்படுவதற்கு, அவளைவிட மேலான இடத்தில் ஒரு கணமாவது நிற்க வேண்டும். அந்த ஊர் அதை மன்னிக்காது. இழிவு என்பது ஏழ்மையிலிருந்து வேறானது, ஏழை வெள்ளையருக்குக் கடைசியாக எஞ்சிய சொத்து மற்றொருவரின் இழிவுதான் என்பதை நாவல் இங்கே காட்டும் அளவுக்குத் தெளிவாக ஒரு பாடநூலும் காட்ட முடியாது. இந்தப் பதிலில் டாமை 'அவர்' என்றே எழுதி வருகிறேன். மகளுடன் தமிழில் இதைப் பேசும்போது நீங்களும் அப்படியே பேசுங்கள்.

இனி நாவலின் குறை. நீதிமன்றத்துக்கு வெளியே டாம் ராபின்சனின் குரல் ஒரே ஒரு முறைதான் கேட்கிறது. அவரைக் கொல்ல வந்த கும்பல் திரும்பிச் சென்றபின், சிறைச்சாலையின் இருளிலிருந்து, 'அவர்கள் போய்விட்டார்களா?' என்று ஆட்டிகஸைக் கேட்கிறார். அவ்வளவுதான். அவர் மனைவி ஹெலன், குழந்தைகள், அவர் வாழ்ந்த வீடு எல்லாமே ஓரிரு காட்சிகளில் கடந்துவிடுகின்றன. அவர் இறந்த செய்தியைப் பற்றி ஊர் இரண்டு நாள் பேசுகிறது. உடலில் பதினேழு குண்டுகள் பாய்ந்திருந்தன என்பதை ஆட்டிகஸ் சமையலறையில் சொல்கிறார். உடனே பெண்கள் தேநீர் விருந்துக்குத் திரும்ப, நாமும் அவர்களுடன் திரும்பிவிடுகிறோம். இது ஓரளவுக்கு, எட்டு வயது வெள்ளையினச் சிறுமியின் கண்ணுக்கு எட்டிய உலகம் என்ற கதையமைப்பால் நேர்வது. ஆனால் அந்தக் கண்ணைத் தேர்ந்தெடுத்தவர் எழுத்தாளர் என்பதையும் 13 வயதினர் புரிந்துகொள்ள முடியும். ஆகவே நான் வகுப்பில் ஒரு பயிற்சி தருவேன்: ஸ்கவுட் எதைப் பார்க்கவில்லை, எந்த வீட்டுக்குள் போகவில்லை, யார் பேசும்போது அவள் அங்கே இல்லை என்று ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் குறித்து வரச் சொல்வேன். நாவலைக் குறைசொல்லும் பயிற்சி அன்று இது. கதைசொல்லி என்பவர் யார் என்பதை இலக்கியத்தில் கற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பயிற்சியில் பன்னிரண்டாவது அத்தியாயம் பொன்னானது. கல்பூர்னியா குழந்தைகளைத் தம் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்கிறார். லூலா என்ற பெண், வெள்ளையருக்குத் தனித் தேவாலயம் இருக்கும்போது இவர்களை இங்கே ஏன் அழைத்து வந்தாய் என்று வாசலில் மறித்துக் கேட்கிறார். நாவல் அவரைச் சண்டைக்காரியாகக் காட்டி நகர்ந்துவிடுகிறது. மாணவர்களை அங்கேயே நிறுத்தி அவர் கேட்டதில் என்ன தவறு என்று கேளுங்கள். உள்ளே பாட்டுப் புத்தகங்கள் இல்லை. எழுத்தறிந்தவர் நால்வர் மட்டுமே என்பதால் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பாடுகிறார்கள். ஹெலனுக்கு ஊரில் யாரும் வேலை தரவில்லை என்பதால் தேவாலயப் போதகர் ரெவரெண்ட் சைக்ஸ் பத்து டாலர் சேரும்வரை கதவுகளை அடைத்து வைக்கிறார். தம் மக்களைத் தாமே காத்துக்கொள்ளும் ஒரு சமூகத்தை இந்த நாவலில் நாம் காணும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. 1962-இல் வந்த திரைப்படத்தில் இந்தக் காட்சி இல்லை. கிரெகரி பெக் ஆட்டிகஸாக நடித்து ஆஸ்கர் பெற்ற அந்தப் படம் நல்ல படமே. ஆனால் அது கதையை அவருடைய தோளில் முழுவதுமாக ஏற்றிவிடுகிறது. மகள் நூலை முடித்தபின் பார்க்கட்டும், முன்னால் வேண்டாம்.

ஆட்டிகஸைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கும்பலை எதிர்த்து இரவில் சிறை வாசலில் தனியாக விளக்கு ஏற்றிவைத்து உட்காரும் துணிவு உண்மையான துணிவு. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அதே மனிதர், கறுப்பின மக்களை வன்முறையால் அச்சுறுத்திய வெள்ளையர் அமைப்பான கூ குளக்ஸ் கிளானை எப்போதோ இருந்த ஓர் அரசியல் அமைப்பு, பிறகு மறைந்துபோனது என்று தம் மகனிடம் சொல்கிறார். 1920-களில் அலபாமாவில் அந்த அமைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை அறிந்த எவரும் அந்த வரியில் தயங்கி நிற்பார்கள். அவர் தம் அண்டை வீட்டாரை ஒருவர் ஒருவராகத் திருத்த முடியும் என்று நம்புகிறார். சட்டத்தையும் ஊர் ஒழுங்கையும் மாற்ற வேண்டும் என்று ஓரிடத்திலும் போராடவில்லை. 1992-இல் மன்றோ ஃப்ரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர் இதையே எழுதியபோது வழக்கறிஞர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள்; 1997-இல் அலபாமா வழக்கறிஞர் சங்கம், வாழ்ந்திராத இந்த வழக்கறிஞருக்கு லீயின் சொந்த ஊரான மன்ரோவில்லில் ஒரு நினைவுச்சின்னமே வைத்தது. 2015-இல் வெளியான லீயின் முந்தைய கையெழுத்துப்படியான 'கோ செட் எ வாட்ச்மேன்' நூலில், முதுமையடைந்த ஆட்டிகஸ் நிறப் பிரிவினையைக் காப்பதற்காகக் கூடிய வெள்ளையர் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைப் பார்த்து வாசகர்கள் அதிர்ந்தார்கள். முதல் நாவலைக் கவனமாகப் படித்தவர்களுக்கு அந்த அதிர்ச்சி சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும்.

மன்ரோவில்லைக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்குள்ள பழைய நீதிமன்றம் இன்று அருங்காட்சியகம். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் இந்த நாவல் அங்கே நாடகமாக நடிக்கப்படுகிறது. அதே ஊரில் 1986-இல் நடந்த ஒரு கொலைக்காக, வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர் கைது செய்யப்பட்டார். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் மீன் வறுத்து விற்கும் நிகழ்ச்சியில் இருந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். விசாரணைக்கு முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் அடைத்தார்கள். 1988-இல் நடந்த விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றபோதும் நீதிபதி அதை மாற்றி மரண தண்டனை விதித்தார். பிரையன் ஸ்டீவன்சன் என்ற கறுப்பின வழக்கறிஞரின் போராட்டத்தால் 1993-இல் அவர் விடுதலையானார். ஸ்டீவன்சன் இதை எழுதிய 'ஜஸ்ட் மெர்சி' நூலுக்கு 2018-இல் இளையோருக்கான பதிப்பும் வந்திருக்கிறது. நாவலுக்கு அடுத்து உங்கள் மகள் படிக்க வேண்டிய நூல் இது. இனவெறி நெடுங்காலத்துக்கு முன் முடிந்துபோன கதை என்ற எண்ணத்தை நாவல் தன்னையறியாமல் விட்டுச்சென்றிருந்தால், இந்த நூல் அதை எடுத்துவிடும்.

இணையாகப் படிக்க ஒரு நாவலும் சொல்கிறேன். மில்ட்ரெட் டெய்லர் 1976-இல் எழுதி மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை', அதே 1933-இல் மிசிசிப்பியில் நடக்கிறது. கதை சொல்பவள் காஸி லோகன் என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி. பள்ளியின் முதல் நாளில் அவளுடைய தம்பிக்கு ஒரு பழைய பாடநூல் கிடைக்கிறது. அதன் உள்ளட்டையில், இத்தனை ஆண்டு எந்த இனக் குழந்தைகள் பயன்படுத்தினார்கள், அப்போது நூல் எந்த நிலையில் இருந்தது என்ற பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. வெள்ளையினக் குழந்தைகள் பயன்படுத்திக் கிழித்தபின், 'மிக மோசம்' என்ற நிலைக்கு வந்த பிறகே அது கறுப்பினப் பள்ளிக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. ஆறு வயதுச் சிறுவன் அதைப் படித்துவிட்டு நூலைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். இந்த நாவலில் கறுப்பினக் குடும்பத்துக்குச் சொந்த நிலம் இருக்கிறது, அதைக் காக்கும் உறுதி இருக்கிறது, தாய் ஆசிரியையாக இருந்து அடிமைமுறையின் உண்மை வரலாற்றைக் கற்பித்ததற்காக வேலையை இழக்கிறார். காப்பாற்ற வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. பள்ளியில் இரண்டையும் சேர்த்து நடத்த நேரமில்லை என்றால் வீட்டில் படிக்கட்டும். இலக்கியமாகவும் இது சிறியதன்று.

'நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று வீட்டில் யாரேனும் கேட்டால், தொடர்பு மிக நேரடியானது. நம்மவர்கள் இந்த நாட்டுக்குப் பெருமளவில் வரக் கதவு திறந்தது 1965-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தால். பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு செய்த பழைய முறையை அது நீக்கியது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன், 1923-இல், பகத் சிங் திந்த் என்ற இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று இதே நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டபின், கறுப்பின மக்கள் வாழும் பகுதி என்பதற்காக ஒரு வீட்டை வேண்டாம் என்று நம் கூடங்களில் சொல்லும் பேச்சை மகள் கேட்டால் என்ன நினைப்பாள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாவலில் இதற்கு நிகரான இடம் ஒன்று உண்டு. ஆசிரியை மிஸ் கேட்ஸ், ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவது கொடுமை என்று வகுப்பில் உருகிப் பேசுகிறார். அவரே விசாரணை நாளில் நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது, கறுப்பின மக்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொன்னதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். தொலைவில் நடப்பதை வெறுத்துக்கொண்டு பக்கத்தில் நடப்பதை எப்படிச் செய்ய முடிகிறது என்று அவள் அண்ணனிடம் கேட்கிறாள். அவனால் விடை சொல்ல முடியவில்லை, கோபம்தான் வருகிறது. இந்தப் பகுதியை ஆசிரியர்கள் பலர் நேரமின்மையால் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் தாண்ட வேண்டாம்.

கடைசியாக, உங்கள் முதல் அச்சத்துக்கு வருகிறேன். வன்கொடுமை நாவலில் காட்சியாக எங்கும் வருவதில்லை; சாட்சிகளின் சொற்களில் மட்டுமே வருகிறது, அதுவும் அக்காலத்துக்கு உரிய அடக்கத்துடன். 13 வயதுப் பெண்ணுக்கு அந்தச் சொல் புதிதாகவும் இருக்காது. உங்கள் கவனம் வேண்டிய இடம் வேறு. மேயெல்லா தன்னை முத்தமிட்டபோது, அப்பா தனக்குச் செய்வது கணக்கில் வராது என்று சொன்னதாக டாம் சாட்சியத்தில் ஒரு வரி சொல்கிறார். வகுப்பில் அது பெரும்பாலும் பேசப்படாமல் போய்விடும். சில குழந்தைகள் கவனிக்கவே மாட்டார்கள், சிலர் கவனித்துவிட்டு யாரிடமும் கேட்காமல் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். பொய்சாட்சி சொன்ன அந்தப் பெண்ணே வீட்டுக்குள் கொடுமைக்கு ஆளானவள் என்பதும், அதனால் அவள் செய்தது சரியாகிவிடாது என்பதும் ஒன்றாகப் புரிய ஒரு பெரியவரின் துணை தேவைப்படும். பதினெட்டாவது, பத்தொன்பதாவது அத்தியாயங்களை மகளுக்கு ஓரிரு நாள் முன்னதாகவே நீங்கள் படித்து முடித்துவிடுங்கள். அவள் அந்தப் பக்கங்களுக்கு வரும் மாலையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் அவளோடு வீட்டில் இருங்கள்.